மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்: ஓய்வுக் காலத்துக்கு எவ்வளவு கைகொடுக்கும்?

பணி ஓய்வு பெறும் ஒருவருக்கு வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் கைக்கு வரும்போது, அந்தப் பணத்தை எங்கே வைப்பது என்பதற்கு உறவினர் முதல் முகவர் வரை ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். மத்திய அரசு 2004இல் தொடங்கிய மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தை நான் தேர்ந்தெடுத்தேன். வீட்டின் அன்றாடச் செலவுக்கு உறுதியான வருமானம் தேடுவோருக்கு இதைவிட நம்பகமான ஒன்றை நான் காணவில்லை. ஆனால் வந்த பணம் முழுவதையும் இதிலேயே போட்டுவிடும்படி யாருக்கும் சொல்ல மாட்டேன்.

அஞ்சலகங்களிலும் அனுமதி பெற்ற வங்கிகளிலும் இந்தக் கணக்கைத் தொடங்கலாம். 15 லட்சம் ரூபாயாக இருந்த உச்சவரம்பு 2023 ஏப்ரலில் 30 லட்சமாக உயர்ந்தது. வட்டியும் அப்போதுதான் 8.2 சதவீதத்தை எட்டியது. அரசு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை வட்டி விகிதத்தை மறுபரிசீலனை செய்தாலும், நாம் கணக்குத் தொடங்கும் நாளில் உள்ள விகிதமே ஐந்து ஆண்டுகளுக்கும் நீடிக்கும் என்பதுதான் இத்திட்டத்தின் பெரும் பலம். அதற்கு மறுபக்கமும் உண்டு: 2021இல் 7.4 சதவீதத்துக்குச் சேர்ந்தவர்கள், பின்னர் விகிதம் ஏறியபோதும் அந்தப் பழைய வட்டியோடுதான் இருக்க வேண்டியிருந்தது.

வட்டி ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதங்களின் முதல் வேலை நாளில், லட்சத்துக்கு 2,050 ரூபாய் என்ற கணக்கில் சேமிப்புக் கணக்கில் வரவாகிறது. முழு 30 லட்சமும் வைத்திருப்பவருக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய், அதாவது மாதத்துக்கு 20,500 ரூபாய் கிடைக்கும். மாதாமாதம் சம்பளம் வாங்கிப் பழகிய குடும்பம் இந்தக் காலாண்டு முறைக்குத் தன்னைப் பழக்கிக்கொள்ள வேண்டும். மளிகையும் பாலும் மாதக் கணக்கு, மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை என்று வரும்போது, வட்டி வந்த அன்றே அதை மூன்று பங்காகப் பிரித்துக் குறித்து வைத்துக்கொள்வதுதான் எங்கள் வீட்டில் சரிப்பட்டு வந்தது. எடுக்காமல் விட்ட வட்டிக்கு இத்திட்டத்தில் தனி வட்டி கிடையாது என்பதால், செலவுக்குத் தேவையில்லாத பகுதியைத் தொடர் வைப்புக்கு மாற்றிவிடுவது நல்லது.

பெரிய குறை விலைவாசி சார்ந்தது. ஆண்டுக்கு ஆறு சதவீதம் விலை ஏறினால், பன்னிரண்டு ஆண்டுகளில் செலவு இரட்டிப்பாகும். இங்கோ அசல் ஒரு ரூபாய்கூட வளராது. அறுபதில் ஓய்வு பெறுபவர் எண்பதைத் தாண்டி வாழ்வது இன்று இயல்பு என்னும்போது, இருபது ஆண்டுகளுக்கான பணத்தை வளராத ஓரிடத்தில் முடக்குவது பின்னாளில் பிள்ளைகளிடம் கையேந்தும் நிலைக்குத் தள்ளிவிடும். ஆகவே மாதச் செலவைக் கூட்டிப் பார்த்து, ஓய்வூதியம் போக எவ்வளவு குறைகிறதோ அந்த அளவுக்கு வட்டி தரும் தொகையை மட்டும் இதில் வைத்துவிட்டு, மீதியில் ஒரு பகுதியை மருத்துவ அவசரத்துக்கும் இன்னொரு பகுதியை நீண்ட கால வளர்ச்சிக்கும் ஒதுக்குவதே முறையாகும். இந்தக் கணக்கை ஓய்வுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பே போட்டுவிட வேண்டும். பணம் கைக்கு வந்தபின் நிதானமாக யோசிக்க யாரும் விடுவதில்லை.

முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய விதிகளும் சில உண்டு. 58 வயதில் ஓய்வு பெறும் தனியார் நிறுவன ஊழியர் அறுபது வரை காத்திருக்கத் தேவையில்லை. ஓய்வுப் பலன் கிடைத்த மூன்று மாதங்களுக்குள், அந்தத் தொகைக்கு மிகாமல் சேரலாம். ஓராண்டு முடிந்து இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் கணக்கை முடித்தால் அசலில் 1.5 சதவீதமும், அதன் பிறகு முதிர்வுக்கு முன் முடித்தால் ஒரு சதவீதமும் பிடிப்பார்கள். 30 லட்சத்துக்கு இது முறையே 45,000, 30,000 ரூபாய் என்பதால், அவசரப் பணத்தை இங்கே வைக்கவே கூடாது. வட்டிக்கு வரி உண்டு. தகுதியுள்ளவர்கள் வரிப் பிடித்தம் வேண்டாம் என்ற உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு நிதியாண்டின் தொடக்கத்திலும் கொடுத்துவிட வேண்டும்.

கணவனும் மனைவியும், வயதுத் தகுதி இருந்தால், தனித்தனியே 30 லட்சம் வரை வைக்கலாம். கூட்டுக் கணக்கானால் முழுத் தொகையும் முதல் பெயருக்குரியவரின் வரம்பிலேயே சேரும். கணவர் கொடுத்த பணத்தில் மனைவி கணக்குத் தொடங்கினால், அந்த வட்டி வருமான வரிக்குக் கணவரின் வருமானத்தோடுதான் கூட்டப்படும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

விண்ணப்பத்தில் மிகச் சிலரே அக்கறையோடு நிரப்பும் இடம் நாமினி பற்றியது. கணக்குதாரர் இறந்தால், அந்த நாளிலிருந்து சேமிப்புக் கணக்குக்கான குறைந்த வட்டிதான் கிடைக்கும். துணைவர் கூட்டுக் கணக்குதாரராகவோ ஒரே நாமினியாகவோ இருந்தால் மட்டுமே, தகுதி விதிகளுக்கு உட்பட்டு, அதே வட்டியில் முதிர்வு வரை தொடர வழியுண்டு. பிள்ளைகள் மீதுள்ள பாசத்தில் மூன்று நான்கு பெயர்களை எழுதும் தந்தையர், தமக்குப் பின் தனியே வாழப்போகும் மனைவிக்கு அந்தக் காலாண்டு வட்டி வந்துகொண்டிருக்க வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு அந்தக் கட்டத்தை நிரப்ப வேண்டும்.