காகிதக் கப்பலை 28 மி.மீ. வீரர்களுக்காகப் பெரிதாக்கலாமா? நான்கு வழிகள், ஓர் அலசல்

பாய்மரக் கப்பல்களை வைத்து ஆடும் மேஜை விளையாட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் கப்பலே காய். வார்லார்டு கேம்ஸ் 2019-ல் வெளியிட்ட 'பிளாக் சீஸ்' அப்படிப்பட்டது; கப்பல்கள் 1:700 அளவில், அதாவது நிஜத்தில் எழுநூறில் ஒரு பங்காக, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். இன்னொன்றில் கப்பல்தான் போர்க்களம். ஃபயர்லாக் கேம்ஸின் 'பிளட் அண்ட் பிளண்டர்' போல, 28 மி.மீ. உயரமுள்ள குட்டி வீரர்கள் தளத்தில் நின்று சுடுவார்கள், எதிரிக் கப்பலுக்குத் தாவுவார்கள். இந்த இரண்டாவது வகைக்குத்தான் பெரிய கப்பல் வேண்டும். கடையில் வாங்கப் போனால் விலை மலைக்க வைக்கும். அதனால்தான் பலர், அச்சிட்ட தாள்களை வெட்டி ஒட்டிக் கட்டும் காகித மாடல் பக்கம் வருகிறார்கள்.

சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது. நல்ல காகிதக் கப்பல்கள் இந்த அளவில் வருவதே அரிது. ஜெர்மானியத் தாள்கள் பெரும்பாலும் 1:250. போலந்தில் போர்க்கப்பல்களுக்கு 1:200 வழக்கம். பாய்மரக் கப்பல்களுக்கு அங்குள்ள ஷிப்யார்டு நிறுவனம் 1:96 வைத்திருக்கிறது. 28 மி.மீ. வீரனோ ஏறக்குறைய 1:56. ஆகவே எதையாவது பெரிதாக்கியே ஆகவேண்டும். எதை, எவ்வளவு என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு கப்பலைக் கையில் எடுத்துக்கொள்வோம். 1777-ல் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கட்டிய 'அலர்ட்' என்ற கட்டர். ஒற்றைப் பாய்மரம், தட்டையான ஒரே மேல்தளம், தளத்திலேயே பீரங்கி. விளையாட்டுக்கு இதைவிடத் தோதான வடிவம் கிடைப்பது கஷ்டம். அதே ஆண்டு செப்டம்பர் 19 அன்று அமெரிக்கர்களின் 'லெக்சிங்டன்' என்ற பிரிக் (இரட்டைப் பாய்மர) கப்பலைப் பிடித்தது இந்த அலர்ட்தான். ஆக மேஜைக்கு ஒரு சண்டையும் தயாராக இருக்கிறது. ஷிப்யார்டு இதை 1:96-ல் வெளியிட்டிருக்கிறது. தள நீளம் சுமார் 69 அடி, அகலம் ஏறக்குறைய 25 அடி 7 அங்குலம். 1:96-ல் நீளம் 22 செ.மீ.; 1:56-ல் கிட்டத்தட்ட 38 செ.மீ. பெருக்கம் 171 விழுக்காடு.

முதல் வழி, எல்லாவற்றையும் அப்படியே 171 விழுக்காட்டில் அச்சிடுவது. பலரும் முதலில் நினைப்பது இதைத்தான். கேட்க எளிது. ஆனால் நீளம் 1.7 மடங்கு கூடினால் பரப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகிறது, காகிதத்தின் கனம் மட்டும் அப்படியே நிற்கிறது. வம்பெல்லாம் இந்த ஒரு இடத்திலிருந்துதான் வருகிறது.

உள் எலும்புக்கூட்டைப் பாருங்கள். நடுவில் நீளவாக்கில் ஒரு முதுகெலும்பு, அதில் குறுக்காகச் செருகும் விலாக்கள். மூலத் தாளில் இந்தச் செருகு வெட்டு 1 மி.மீ. அட்டைக்காக வரைந்தது. பெருக்கியதும் அது 1.7 மி.மீ. ஆகிவிடும். 1 மி.மீ. அட்டையைச் செருகினால் விலா ஆடும். எந்தக் கோணத்தில் நிற்கவேண்டும் என்பதே தெரியாது. 2 மி.மீ. அட்டை உள்ளே போகாது. மெல்லிய அட்டைகளை ஒட்டி 1.7 மி.மீ.க்குக் கொண்டுவரலாம்தான், ஆனால் ஒவ்வொரு விலாவுக்கும் அதைச் செய்யவேண்டும். அப்புறம் விலாக்களுக்கு இடைவெளி. மூலத்தில் 3 செ.மீ. இருந்தால் இப்போது 5 செ.மீ.க்கு மேல். அந்த இடைவெளியில் தோல், அதாவது விலாக்கள்மேல் ஒட்டும் வெளிக்காகிதம், உள்வாங்கும். பசியால் வாடிய மாட்டின் விலாவைப் போலக் கப்பலின் பக்கம் வரிவரியாகத் தெரியும். தளமும் அப்படித்தான். உலோக வீரர்கள் இருபது பேரை நிறுத்தினால் நடுவில் தொய்ந்துவிடும்.

அச்சின் தரமும் இறங்கும். 300 டிபிஐ-யில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) ஸ்கேன் செய்ததைப் பெருக்கினால் கையில் மிஞ்சுவது சுமார் 175 டிபிஐ. ஒரு கையெட்டுத் தூரத்தில் பார்க்கும் பொருளுக்கு இது போதாது. 600-ல் ஸ்கேன் செய்துதான் தொடங்கவேண்டும். கோட்டுருவாக (வெக்டர்) வரைந்த பிடிஎஃப் என்றால் இந்தக் கவலை இல்லை. தாளை முழுசாகப் பெருக்குவதும் வீண். ஒரு ஏ4 பக்கம் 171 விழுக்காட்டில் 36 க்கு 51 செ.மீ. ஆகிவிடும், ஏ3-ல் அடங்காது. பாகங்களைத் தனித்தனியாக வெட்டியெடுத்துப் புதிதாக ஏ3 பக்கங்களில் அடுக்கினால், அலர்ட்டின் மிக நீளமான பாகமான 38 செ.மீ.கூட 42 செ.மீ. பக்கத்தில் உட்கார்ந்துவிடும். பக்கத்துத் தெரு ஜெராக்ஸ் கடையிலேயே முடிகிற வேலை. அச்சிடும்போது 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தெரிவு அணைந்திருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் 10 செ.மீ. அளவுகோல் ஒன்றை வரைந்து வைத்தால் ஸ்கேலை வைத்து அங்கேயே சரிபார்த்துவிடலாம்.

இரண்டாவது வழி என் வழி, மறைக்கவில்லை. தோலை மட்டும் பெருக்குவது, எலும்புக்கூட்டை நாமே கட்டுவது. மூலத் தாளின் விலாக்களை வடிவத்துக்கான வார்ப்புருவாக மட்டும் எடுத்துக்கொண்டு 3 அல்லது 5 மி.மீ. சன்போர்டு என்ற லேசான பலகையில் வெட்டுகிறோம். செருகு வெட்டை நம் பலகையின் கனத்துக்கு நாமே போடுகிறோம். ஒவ்வொரு இரண்டு விலாவுக்கும் நடுவில் இன்னொன்று கூடுதலாகச் சேர்க்கிறோம். தளம் ஒரே துண்டு 3 மி.மீ. சன்போர்டு, அதன்மேல் அச்சிட்ட பலகைத் தோற்றம். இது தொய்யாது. பிவிசி சன்போர்டா, நடுவில் தெர்மோகோல் மாதிரி நுரை வைத்த பலகையா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். நுரைப் பலகையை ஸ்ப்ரே பெயிண்ட் தின்றுவிடும். பிவிசிக்கு அந்தப் பயம் இல்லை.

கப்பலை நீர்க்கோட்டோடு நறுக்கிவிடுவதும் இதோடு சேர்ந்தது. மேஜையில் தண்ணீருக்குக் கீழே எதுவும் தெரியப்போவதில்லை. காகிதக் கப்பலில் கையைப் படுத்துவதே அந்த அடிவயிற்று வளைவுதான். அதை விட்டுவிட்டால் வேலையில் பாதி குறைந்த மாதிரி. தட்டையான அடி என்பதால் உள்ளே சில இரும்பு வாஷர்களை ஒட்டிவைக்கலாம். கைபட்டால் கப்பல் நகராது.

இந்த வழியின் பெரிய லாபம் அகலம். 28 மி.மீ. வீரனின் அடித்தட்டு வழக்கமாக 25 மி.மீ. விட்டம். அளவுப்படி பார்த்தால் அது 1.4 மீட்டர், எந்த மாலுமியும் அவ்வளவு இடத்தை அடைத்துக்கொண்டு நின்றதில்லை. அலர்ட்டின் வெளி அகலம் 1:56-ல் சுமார் 139 மி.மீ. விளிம்புச் சுவரைக் கழித்தால் தளத்தில் 130-ஐ ஒட்டி மிஞ்சும். இருபுறமும் 6 பவுண்டு குண்டு சுடும் பீரங்கிகள் ஆளுக்கு 30 மி.மீ. உள்ளே வரும். மிச்சம் 70. நடுவில் பாய்மரம், கீழே இறங்கும் தள வாய்கள். இரண்டு வீரர்கள் தோளோடு தோள் நிற்கலாம். மூன்றாவது ஆளுக்கு வழி இல்லை. தாவிவந்து வெட்டிக்கொள்ளும் விளையாட்டில் இது பெரிய குறை. எலும்புக்கூடு நம்முடையது என்றால் ஒவ்வொரு விலாவையும் நடுக்கோட்டில் பிளந்து 12 மி.மீ. அகலம் சேர்த்துவிடலாம். பக்கத் தோலின் நீளம் பெரிதாக மாறாது. பின்புறப் பலகையை மட்டும் குறுக்குவாட்டில் இழுத்து அச்சிடவேண்டும், அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) ஒரு பட்டை ஒட்டவேண்டும். கண்ணுக்குத் தெரியாது, ஆட்டத்தில் தெரியும். முதல் வழியில் இதைச் செய்ய நினைத்தால் ஒரு பாகமும் இன்னொன்றோடு பொருந்தாது.

தோலை ஒட்டுவதில் கவனிக்க ஒன்று இருக்கிறது. காகிதத்துக்கு நார்த் திசை உண்டு. நாருக்கு இணையாக உருட்டினால் சொன்னபடி வளையும். குறுக்கே வளைத்தால் முரண்டுபிடித்து மடிப்பு விழும். அணியத்தில் தோல் வளைவது செங்குத்தான அச்சைச் சுற்றி. ஆனால் நீளப் பட்டையை ஏ3-ன் நீளவாக்கில் அச்சிடும்போது நார் பெரும்பாலும் கப்பலின் நீளத்தோடு ஓடிவிடுகிறது. ஆகவே ஒட்டும் முன்பே பட்டையின் முன்முனையை உருண்டைப் பென்சிலில் மெல்ல உருட்டி வளைவைப் பழக்கவேண்டும். 160 ஜிஎஸ்எம் காகிதம் இதற்குச் சரி. 250-க்குப் போனால் அணியம் சண்டை போடும். அச்சு இங்க்ஜெட் என்றால் முதலில் வார்னிஷ் ஒரு பூச்சு, இல்லாவிட்டால் ஃபெவிகாலின் ஈரத்திலேயே மை ஊறும். லேசர் அச்சு ஊறாது, மடிப்புகளில் வெடிக்கும். அதே நிறப் பென்சிலால் விளிம்பைத் தொட்டால் மறைந்துவிடும். சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊரில் இருப்பவர்கள் உட்பக்கத்துக்கும் வார்னிஷ் அடிப்பது நல்லது.

இந்த வழியின் குறையையும் சொல்லவேண்டும். சன்போர்டில் சாய்வான விளிம்பு வெட்டத் தெரிந்திருக்க வேண்டும். அணியத்துக்குப் பக்கத்து விலாக்களின் விளிம்பைத் தோலின் போக்குக்கு ஏற்பச் சீவாவிட்டால் 5 மி.மீ. கனம் தோலை வெளியே தள்ளிவிடும். உப்புத்தாளும் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். காகிதம் மட்டுமே வைத்துக் கட்டும் அழகு பிடித்தவர்களுக்கு இது ஒப்பாது. அவர்கள் மேஜை ஆட்டத்தை மறந்து மூலத்தை மூலமாகவே கட்டுவதுதான் நியாயம்.

மூன்றாவது வழியை யாரும் யோசிப்பதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். கப்பலைத் தொடாமல் வீரர்களை மாற்றுவது. 15 முதல் 18 மி.மீ. வீரர்கள் 1:100-ஐ ஒட்டி வருவார்கள். 1:96 அலர்ட் பெருக்காமலே அவர்களுக்குப் பொருந்தும். 22 செ.மீ. கப்பல்கள் நான்கைந்தை ஒரு சாப்பாட்டு மேஜையில் ஓடவிட முடியும், 38 செ.மீ. கப்பலில் இரண்டுக்கே திரும்ப இடம் வேண்டியிருக்கும். விக்டரி மாதிரியான பெரும் போர்க்கப்பலை 1:56-ல் நினைத்துப் பாருங்கள்: பீரங்கித் தளம் மட்டுமே 186 அடி, அதாவது ஒரு மீட்டருக்கு மேல். அதைக் கட்டி எங்கே வைப்பது? புதிதாகத் தொடங்குபவர், கையில் இன்னும் வீரர்கள் வாங்காதவர் என்றால் நான் இந்த வழியைத்தான் சொல்வேன். ஏற்கெனவே 28 மி.மீ.யில் ஒரு பட்டாளம் வர்ணம் பூசி வைத்திருப்பவருக்கு இது ஆறுதலாகாது.

நான்காவது, விளையாட்டுக்கென்றே 28 மி.மீ. அளவில் வரைந்து விற்கும் பிடிஎஃப் கப்பல்கள். வீரன் நிற்க அகலம் விட்டு வரைந்திருப்பார்கள், வேகமாகக் கட்டலாம். ஆனால் வளைவு குறைவு. பெட்டிக்கு அணியம் வைத்தது போன்ற வடிவங்கள்தான் அதிகம். இன்ன ஆண்டின் இன்ன கப்பல் என்று சொல்ல முடியாது. குழந்தைகளோடு ஆட, கற்பனை உலகக் கதைகளுக்கு இது போதும். 1777-ன் அலர்ட் வேண்டும் என்பவருக்குப் போதாது. முப்பரிமாண அச்சு பற்றியும் கேட்பார்கள். வீட்டு இயந்திரங்களின் தட்டு பலவும் 22 செ.மீ. சதுரம், உடலை இரண்டாக வெட்டி அச்சிட்டு, கோடு தெரியாமல் தேய்த்து, முழுக்க வர்ணம் அடிக்கவேண்டும். பீரங்கிகளை மட்டும் அதில் எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். 36 மி.மீ. நீளப் பீரங்கிக் குழாயைக் காகிதத்தில் உருட்டுவது வீண் சிரமம்.

எவ்வளவு வரை பெருக்கலாம்? இரண்டு மடங்குக்கு மேல் போகவே கூடாது என்பது என் கருத்து. 1:250 தாளை 1:56-க்குக் கொண்டுவர 446 விழுக்காடு வேண்டும். அந்த அளவில் தாளில் வெறும் நிழலாக அச்சிட்டிருந்த தள வாய்க் கம்பித் தட்டி, கதவு, கயிற்றுச் சுருள் எல்லாம் வீரனின் காலடியில் தட்டையான படமாகக் கிடக்கும். 171-லேயே தட்டிகளை வெட்டியெடுத்துக் கொசுவலைத் துண்டு வைக்கவேண்டியிருக்கிறது. 446-ல் மொத்தக் கப்பலையும் புதிதாக வரைவதற்குச் சமம்.

கயிறுகளைப் பொறுத்தவரை எந்த வழியில் போனாலும் ஒரே பதில்: குறையுங்கள். மேஜைக் கப்பலுக்குள் கை போய்வந்துகொண்டே இருக்கும். பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் கயிற்று ஏணிகளும் முன்னால் இழுக்கும் ஒரு கயிறும் போதும். பாய்மரம் ஒரு குழாயில் செருகிக் கழற்றும்படி இருக்கட்டும். கட்டர்களுக்கு முகப்பில் மிக நீளமான மரம் ஒன்று துருத்தி நிற்கும். ஆட்டத்தில் முதலில் ஒடிவது அதுதான். நிஜக் கட்டர்களிலேயே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு இருந்தது. மூங்கில் குச்சியில் செய்து தளத்தின்மேல் ஒரு வளையத்தில் நுழைத்துவிட்டால், இரண்டு கப்பல்கள் ஒட்டி நிற்கும்போது நாமும் அதேபோல் உள்ளே தள்ளிவிடலாம்.

பணம் கொடுத்து வாங்கிய தாளை நம் மேஜைக்காகப் பெருக்குவது வேறு, அந்த ஸ்கேனை நண்பர்கள் குழுவில் சுற்றவிடுவது வேறு. இந்தத் தாள்களை வரைபவர்கள் சிறிய நிறுவனங்கள். இரண்டாவது கப்பல் வேண்டும் என்றால் இரண்டாவது பிரதி வாங்குங்கள்.

அலர்ட் முடிந்தால் எதிரில் நிறுத்த லெக்சிங்டன் வேண்டும். 86 அடி, 1:56-ல் 47 செ.மீ. ஏ3-ல் அடங்காது. பக்கத் தோலை இரண்டாக அச்சிடவேண்டும். இணைப்பு ஒரு பீரங்கிச் சாளரத்தின் செங்குத்து விளிம்பில் விழும்படி பிரித்தால் சாளரத்தின் மேலும் கீழும் சிறு கோடு மட்டுமே மிஞ்சும். அதன் பின்னால் ஒரு விலா இருக்கும்படி எலும்புக்கூட்டைத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.