பண்ணைச் செருப்பு: தோல் சரி, அட்டை போதாது

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் கையால் தைத்து விற்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய டால்ஸ்டாய் பண்ணையின் நினைவாக ‘பண்ணைச் செருப்பு’ என்று பெயர். ஜோடி 1,350 ரூபாய். கட்டைவிரலுக்கு ஒரு வளையம், மேலே குறுக்காக இரண்டு வார். பெட்டிக்குள் வரலாறு சொல்லும் ஓர் அட்டையும் உண்டு.

தோல் மரப்பட்டை போட்டுப் பதனிட்டது, குரோம் உப்பு போட்டுப் பதனிட்ட குரோம் தோல் அல்ல. வெட்டிய ஓரத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: குரோம் தோல் என்றால் நடுவில் நீலம் கலந்த சாம்பல் தெரியும், இதில் முழுக்க ஒரே பழுப்பு. அடித்தோல் இரண்டு அடுக்கு, கீழே டயர் ரப்பர். பசையை மட்டும் நம்பாமல் மூன்றையும் சேர்த்து மெழுகு நூலால் சுற்றிலும் தைத்திருக்கிறார்கள், அங்குலத்துக்கு 5 தையல். இன்னும் நெருக்கினால் ஊசித் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, தபால்தலை கிழிவதுபோல ஓரம் கிழியும். ரப்பரில் பள்ளம் கீறி நூலை அதற்குள் இறக்கியிருப்பது நல்ல வேலை. பள்ளம் இல்லாவிட்டால் நூல் தரையில் உரசி அறுந்துவிடும்.

சாயங்காலம் போய் வாங்குங்கள். அப்போதுதான் கால் முழு அளவில் இருக்கும். வார் பத்து நாளில் இளகிவிடும் என்பதால் வாங்கும்போது கொஞ்சம் இறுக்கமாக இருப்பதே நல்லது. விரல் வளையம் அப்படியல்ல. அது இறுக்கினால் தோலுரிந்து புண்ணாகும், அங்கேயே தளர்த்தித் தரச் சொல்லுங்கள். முதல் வாரம் தினம் ஒரு மணி நேரம் போட்டால் போதும்.

குறை என்றால் மழைதான். நம் மாவட்டத்துக்கு இரண்டு மழைக்காலம். இந்தத் தோலோ தண்ணீரைக் குடிக்கும். நனைந்தால் செய்தித்தாள் திணித்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் விறைத்து வெடிக்கும், ஈரத்தோடு மூலையில் போட்டால் இரண்டே நாளில் பூத்துப்போகும். தேங்காய் எண்ணெயைத் தாராளமாகத் தடவிவிட வேண்டாம், வார் துவண்டுவிடும். மாதம் ஒருமுறை நாலைந்து சொட்டு விளக்கெண்ணெய் போதும். கடற்கரைக்குப் போட்டுக்கொண்டு போனால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடையுங்கள். உப்பு படிந்த இடம் பிறகு வெடிக்கும்.

இனி அட்டை. காந்தி சிறையில் தைத்த செருப்பை 1914-இல் தென்னாப்பிரிக்க அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸுக்குக் கொடுத்தார், 1939-இல் காந்தியின் 70-ஆம் பிறந்தநாளை ஒட்டி ஸ்மட்ஸ் அதைத் திருப்பி அனுப்பினார் என்று போட்டிருக்கிறது. உண்மைதான். ஆனால் இரண்டு பெரிய மனிதர்களின் கதையாகவே அது முடிந்துவிடுகிறது.

காந்தியின் நண்பர் ஹெர்மன் காலன்பாக், அங்கிருந்த மரியான்ஹில் கத்தோலிக்க மடத்துத் துறவிகளிடம் செருப்புத் தொழில் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார், காந்தியிடம் பண்ணைவாசிகள் கற்றார்கள். தோலைத் தொட்டாலே தீட்டு என்ற சமூகத்திலிருந்து போனவர்கள் அங்கே உட்கார்ந்து தோல் தைத்தார்கள். சுசீந்திரம் கோயில் தெருவில் ஒடுக்கப்பட்டவர்கள் நடக்கவே 1926-இல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்த இந்த மண்ணில் விற்கும் செருப்பு, இதைச் சொல்லாமல் விடலாமா?

செருப்பு அங்கே அலங்காரத்துக்கு இல்லை. சொந்த வேலையாக ஜோகன்னஸ்பர்க் போகிறவர் 21 மைல் நடந்தே போக வேண்டும் என்பது பண்ணை விதி. நாகர்கோவிலில் புறப்பட்டு மார்த்தாண்டம் போய்ச் சேருவதைவிடக் கொஞ்சம் கூடுதல் தூரம். அதை 4 மணி 18 நிமிடத்தில் நடந்து முடித்தவர்களும் உண்டு.

1913-இல் நடந்ததோ இன்னும் பெரிய நடை. தென்னாப்பிரிக்காவின் நேட்டால் மாகாணத்தில் ஒப்பந்தம் முடிந்த இந்தியக் கூலிகள் ஊர் திரும்பாமலும் மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் இருந்தால் ஆண்டுக்கு 3 பவுன் தலைவரி. 16 வயது தாண்டிய பையனுக்கும் 13 தாண்டிய பெண்ணுக்கும்கூட. அதே ஆண்டு மார்ச்சில் கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தமிழ்ப் பெண்கள் நேட்டாலில் உள்ள நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் போய்ப் பேசினார்கள், வேலைநிறுத்தம் மூண்டது. நவம்பர் 6 காலையில் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள், அனுமதியில்லாமல் இந்தியர் நுழையக்கூடாத பக்கத்து மாகாணமான டிரான்ஸ்வாலின் எல்லையை நோக்கிப் புறப்பட்டார்கள். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, ஓர் அவுன்ஸ் சர்க்கரை. வழியில் பிறர் பொருளைத் தொடக்கூடாது, அடித்தாலும் திருப்பி அடிக்கக்கூடாது, கைது செய்ய வந்தால் தடுக்கக்கூடாது, தலைவர் கைதானாலும் நடை நிற்கக்கூடாது. காந்தியை நாலு நாளில் மூன்று முறை கைது செய்தார்கள். கூட்டம் நடந்துகொண்டே இருந்தது. 1914-இல் தலைவரி ஒழிந்தது, திருமணங்களும் சட்டப்படி ஏற்கப்பட்டன. சிறையில் நோயுற்ற தில்லையாடி வள்ளியம்மை அதற்குள், பிப்ரவரி 22 அன்று, 16 வயதில் இறந்துபோயிருந்தாள்.

செருப்பை நம்பி வாங்கலாம். ரப்பர் தேய்ந்து நூல் தெரியும் முன்பே கொண்டுபோனால் அடி மாற்றித் தருகிறார்கள். அட்டையின் பின்பக்கம் இப்போது வெறுமையாகத்தான் இருக்கிறது. அடுத்த முறை அச்சடிக்கும்போது அந்த ரொட்டிக் கணக்கையும் வள்ளியம்மையின் பெயரையும் அங்கே போடுங்கள்.