மெயின்டெனன்ஸ் கோர்ட்டில் வக்கீல் பேசட்டுமா, நானே பேசட்டுமா?

முதல் தடவை வக்கீல் வைத்துப் போனேன். இரண்டாம் தடவை நானே போய்ப் பேசினேன். இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனில் எங்கள் பக்கத்து அக்காக்கள் இப்போது என்னிடம் கேட்பதெல்லாம் இதுதான்: "எது நல்லது, வக்கீலா, நாமேவா?" பிள்ளைக்கு ஜீவனாம்சம் கேட்பது மட்டும்தான் விஷயம் என்றால் நீங்களே பேசுங்கள் என்பேன்.

செலவைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1998-ஆம் ஆண்டின் 99-ஆம் எண் மெயின்டெனன்ஸ் சட்டத்தின்படி மனு கொடுக்கக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஜே101 என்ற மனு ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தால் அந்தக் கோர்ட்டின் மெயின்டெனன்ஸ் ஆபீசர் எதிர்த்தரப்பை வரவழைப்பார். ஒத்துப் போனால் கையெழுத்து, இல்லையென்றால் மேஜிஸ்திரேட் முன் சத்தியம் செய்து விசாரணை. கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவே செய்யவில்லை என்று தயங்குகிறவர்கள் உண்டு. பிள்ளையின் உரிமைக்கும் அந்தப் பதிவுக்கும் சம்பந்தமில்லை.

வக்கீலோடு போனது எப்படி இருந்தது என்றால், நிம்மதியாக இருந்தது. அதுதான் பிரச்சினையும். நான் காரைக்குடியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இங்கே பிறந்து வளர்ந்தவர்களைப் போல ஆங்கிலம் எனக்குச் சரளமாக வராது. வக்கீல் வராந்தாவில் அந்தப் பக்கத்து வக்கீலோடு பத்து நிமிடம் பேசிவிட்டு வந்து, "இந்தத் தொகைக்குச் சம்மதம் சொல்லிவிடுங்கள், நல்ல தொகைதான்" என்றார். சொன்னேன். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் பையனின் ஆஸ்துமா பம்ப் அந்தப் பட்டியலிலேயே இல்லை என்பது உறைத்தது. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? பையன் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவதைப் பார்த்தவள் நான்தான். வாயைத் திறந்து சொல்லியிருக்க வேண்டியவளும் நான்தான்.

இரண்டாம் தடவை பழுப்பு உறையில் ரசீதுகளோடு போனேன். ஒரு சின்ன எச்சரிக்கை: கடை ரசீது நம் ஊர் ஈரக்காற்றில் மூன்று மாதத்தில் வெளுத்துப் போகிறது. வாங்கிய அன்றே ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். என்னுடைய பாதி ரசீதுகள் வெறும் வெள்ளைத் தாள்.

கணக்கை எப்படிச் சொல்ல வேண்டும் என்றும் கற்றுக்கொண்டேன். வாடகை 6,000 ரேண்ட் என்று மொத்தமாகச் சொன்னால் "அதில் பிள்ளைக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்பார்கள். பெரியவருக்கு இரண்டு பங்கு, பிள்ளைக்கு ஒரு பங்கு என்று பிரிப்பது வழக்கம். நானும் பையனும் மட்டும் என்றால் மூன்று பங்கு, அவன் பங்கு 2,000. தண்ணி, லைட் பில்லும் அப்படியே. அப்புறம் அம்மா, அப்பா இரண்டு பேரின் வரும்படிக்கு ஏற்ப அந்தச் செலவைப் பிரிப்பார்கள். ஒருவேளை எனக்கு 9,000, பையனின் அப்பாவுக்கு 27,000 என்றால் நாலில் மூன்று பங்கு அவர் தலையில்.

மேஜிஸ்திரேட் கேட்டது ஒரே கேள்வி. "இந்த 350 எதற்கு?" பம்பைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். "யுவர் வொர்ஷிப், இது ஒரு மாதத்துக்குக் காணாது" என்றேன். இலக்கணம் சரியாக இருந்ததா, தெரியாது. எழுதிக்கொண்டார்.

மொழி பயமென்றால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று மனு கொடுக்கும் அன்றே சொல்லிவிடுங்கள். விசாரணை நாளன்று கேட்டால் தேதி தள்ளிப் போகலாம். (நம் நாட்டு அரசியல் சாசனத்தின் 6-ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அலுவல் மொழி ஆகிவிடவில்லை, ஆனாலும் கேட்பதற்கு அது தைரியம் தருகிறது.)

என் முடிவுக்கு உண்மையான காரணம் இதெல்லாம் இல்லை. உத்தரவு வாங்கிய பிறகு அதைப் பராமரிக்க வேண்டியிருக்கிறதே, அதுதான். ஜீவனாம்சம் ஒருநாள் வேலை இல்லை. பிள்ளை தன் காலில் நிற்கும்வரை ஓடும், 18 வயதோடு தானாக நின்றுவிடாது. அதற்குள் ஸ்கூல் ஃபீஸ் ஏறும், அவர் வேலை மாறுவார், ஒரு மாதம் பணம் வராது. என் விஷயத்தில் ஐந்தாம் மாதமே நின்றது. வக்கீலுக்குப் போன் செய்தேன். கடிதம் எழுதத் தனி ஃபீஸ், கோர்ட்டுக்கு வரத் தனி ஃபீஸ் என்றார். வரவேண்டிய பாக்கியில் பாதி அதற்கே போய்விடும். அப்போதுதான் நானே போனேன். கெடு தாண்டி 10 நாள் ஆகியும் பணம் வரவில்லையென்றால் மெயின்டெனன்ஸ் சட்டத்தின் 26-ஆம் பிரிவில் மனு போடலாம். சம்பளத்திலேயே பிடிக்கச் சொல்லி முதலாளிக்கு உத்தரவு போகும், சொத்தை ஜப்தி செய்யவும் கேட்கலாம். எனக்குச் சம்பளப் பிடித்தம் கிடைத்தது. தொகையைக் கூட்டிக் கேட்பதற்கும் அதே கவுன்டர்தான். ஒருமுறை வாய் திறந்து பழகிவிட்டால் அடுத்தமுறை கை நடுங்காது. வக்கீல் பேசியிருந்தால் அந்தப் பழக்கம் அவருக்குத்தான் வந்திருக்கும், எனக்கு இல்லை.

சரி, வக்கீல் எப்போது வேண்டும்? என்னவர் மாதச் சம்பளக்காரர், பேஸ்லிப் எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. சொந்த வியாபாரம் வைத்து வரும்படியை மறைப்பவரிடம் நான் மோதியதில்லை. ஆபீசரால் பேங்க் ஸ்டேட்மென்ட் வரவழைக்க முடியும்தான், இருந்தாலும் அங்கே வக்கீல் இருந்தால் நல்லது என்றே நினைக்கிறேன். விவாகரத்து, வீட்டுப் பங்கு, பிள்ளை யாரிடம் இருப்பது என்று வழக்கு விரிந்தால் என் அனுபவத்தை நம்பி இறங்காதீர்கள். கையில் காசில்லையென்றால் லீகல் எய்டில் கேளுங்கள், வருமானம் பார்த்து இலவசமாக வக்கீல் தருவார்கள். ஃபேமிலி அட்வகேட் என்ற பெயரைக் கேட்டு நம் வக்கீல் என்று நினைத்துவிடாதீர்கள், அவர் பிள்ளையின் நலனைப் பார்க்க வருபவர்.

ஜனவரியில் பையன் எட்டாம் கிரேடு போகிறான். புது யூனிஃபார்முக்கு மூன்று கடையில் விலை எழுதி வாங்கிவிட்டேன். கூட்டிக் கேட்கும் ஃபாரம் உறைக்குள் இருக்கிறது, பம்ப் ரசீதுகளும் இருக்கின்றன. இந்தமுறை எல்லாம் ஜெராக்ஸ்.