போர்தோ நடைச்சுற்றுலா: முன்பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

‘பழைய நகரமும் ஒயினும், சனி ஞாயிறு, நடந்தே, எட்டுப் பேர் மட்டும்’ என்று விளம்பரப்படுத்தி ஒருவருக்கு 165 யூரோ கேட்கும் இணையத்தளம் கண்ணில் பட்டால் தயவுசெய்து பணம் கட்டிவிடாதீர்கள். வழக்கு வம்பு வேண்டாம் என்பதால் பெயரை எழுதவில்லை. ஆனால் எப்படி ஏமாற்றினார்கள் என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். இதே வேலையை வேறு பெயரில் செய்பவர்களும் இருப்பார்கள்.

பாரிஸிலிருந்து நான், கணவர், மாமியார் மூவரும் தென்மேற்கு பிரான்ஸின் ஒயின் நகரமான போர்தோவுக்குப் போனோம். அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பயணத்தில் குறை சொல்ல முடியாத பகுதி அது ஒன்றுதான்.

பாதிப் பணத்தை அட்டை மூலம் முன்பே வாங்கிக்கொண்டார்கள். மீதியைச் சனிக்கிழமை காலை பிளாஸ் தெ லா பூர்ஸ் சதுக்கத்தில் வழிகாட்டி ரொக்கமாகக் கேட்டார். ரசீது கேட்டோம், ‘மின்னஞ்சலில் வரும்’ என்றார். வரவில்லை. பிரான்ஸில் 25 யூரோவும் அதற்கு மேலும் பெறும் எந்தச் சேவைக்கும் ரசீது தருவது கட்டாயம். அந்த இளைஞர் அதைக் கேள்விப்பட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. எட்டுப் பேர் என்று சொன்ன குழுவில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பின்வரிசையில் நின்ற நாங்கள் கல்யாணத்தில் கடைசிப் பந்திக்கு வந்தவர்களைப் போல மிச்சம் மீதியைக் கேட்டுக்கொண்டு நடந்தோம்.

கேட்டதும் சரியாக இல்லை. சதுக்கத்துக்கு எதிரே இருக்கும் நீர்க்கண்ணாடியை, பதினைந்தாம் லூயி தன் கட்டடங்களின் பிம்பத்தைப் பார்ப்பதற்காக அமைத்தான் என்றார் வழிகாட்டி, கைபேசியைப் பார்த்தபடியே. கட்டடங்கள் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, உண்மை. நீர்க்கண்ணாடி 2006-ல் வந்தது. நிலவடிவமைப்பாளர் மிஷேல் கொராஷு வடிவமைத்தது. 3,450 சதுர மீட்டர் கருங்கல் தளத்தின் மேல் இரண்டு சென்டிமீட்டர் தண்ணீர், அவ்வளவுதான். பார்க்கக் காசில்லை, குழந்தைகள் அதில் ஓடி விளையாடுகிறார்கள். கரோன் நதியின் மேலுள்ள கல்பாலத்தில் 17 வளைவுகள், நெப்போலியன் போனபார்த் என்ற பெயருக்கு பிரெஞ்சில் 17 எழுத்துகள் என்றார் அடுத்து. புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த என் மாமியார் விரல்விட்டு எண்ணிப் பார்த்துத் தலையாட்டினார். எண்ணிக்கை சரிதான். அதற்காகத்தான் அப்படிக் கட்டினார்கள் என்பது ஊரார் சொல்லும் கதை.

சொல்லாமல் விட்டவைதான் எனக்குப் பெரிய வருத்தம். 1137-ல் அக்கித்தேன் சீமாட்டி எலெயனோர் மணம் புரிந்த பேராலயத்தின் வாசலில் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அவரது மறுமணத்தால்தான் இந்த ஊர் 1453 வரை ஆங்கிலேய அரசர்களின் கையில் இருந்தது, போர்தோ ஒயினுக்கு லண்டன் சந்தை திறந்ததும் அந்தத் தொடர்பால்தான். கட்டட முகப்புகளில் செதுக்கிய கல்முகங்களையும், நகரத்தின் செல்வத்தில் அடிமை வணிகத்துக்கு இருந்த பங்கையும் பற்றிப் பேச்சே இல்லை. அக்கித்தேன் அருங்காட்சியகத்தில் இதற்கென்றே நிரந்தரக் கூடங்கள் இருக்கின்றன. அங்கும் கூட்டிப்போகவில்லை.

பிறகு ‘சித்தே து வேன்’ என்னும் ஒயின் அருங்காட்சியகம். விளம்பரத்தில் ‘அடங்கும்’ என்று போட்டிருந்தது. வெயிலில் கரையோரமாக நெடுந்தூரம் நடத்திப்போய் வாசலில் நிறுத்தி, ‘உள்ளே போக விரும்புகிறவர்கள் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம்’ என்றார். வாசல் வரை நடப்பதுதான் கட்டணத்தில் அடங்குமாம்!

மாலையில் ஒயின் சுவைத்தல். 1855-ஆம் ஆண்டுத் தரவரிசையில் உள்ள மூன்று ஒயின்கள் என்று வாக்களித்திருந்தார்கள். பாரிஸ் கண்காட்சிக்காக மூன்றாம் நெப்போலியன் கேட்க, தரகர்கள் சந்தை விலையை வைத்து மெதோக் பகுதிச் சிவப்பு ஒயின்களை ஐந்து படிகளாகப் பிரித்த பட்டியல் அது. மெதோக்குக்கு வெளியிலிருந்து அதில் இடம்பெற்ற சிவப்பு ஒயின் தோட்டம் ஓ-பிரியோன் ஒன்றுதான். 1973-ல் மூத்தோன் ரோட்ஷீல்ட் தோட்டம் இரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு ஏறியது பெரிய செய்தி. அந்த அளவுக்கு இறுகிய பட்டியல். அதிலுள்ள ஒயினை ஊற்றுகிறவர் புட்டியின் முகச்சீட்டைத்தான் முதலில் காட்டுவார். ஷார்த்ரோன் பகுதியில் ஒரு சந்துக் கடையில் எங்களுக்குக் கண்ணாடிக் குடுவையிலிருந்து இரண்டு விரற்கடை ஊற்றினார்கள். புட்டி எங்கே என்று கேட்டேன், உள்ளே இருக்கிறது என்றார்கள். கழிப்பறைக்குப் போன மாமியார் திரும்பி வந்து என் காதில், ‘ஏம்மா, உள்ளே அடுக்கியிருக்கும் எல்லாப் புட்டியிலும் போர்தோ சுப்பீரியர் என்றுதானே போட்டிருக்கிறது’ என்றார். மோசமான ஒயின் என்று சொல்லமாட்டேன். பல்பொருள் அங்காடியில் பத்து யூரோவுக்குள் கிடைப்பது, அந்தப் பட்டியலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மது அருந்தாத மாமியாருக்குத் திராட்சைச் சாறு தருவதாகச் சொல்லி முழுக் கட்டணம் வாங்கியவர்கள் குழாய்த் தண்ணீர் கொடுத்தார்கள். அதன்பின் பெட்டி பெட்டியாக ஒயின் வாங்கச் சொல்லி அரைமணி நேர நச்சரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை, போர்தோவுக்கு அருகிலுள்ள ஒயின் ஊரான சாந்த்-எமிலியோன். ரயில் நிலையத்திலிருந்து ஊருக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாத நடை, அதிலும் ஊருக்குள் ஏற்றம். முழங்கால் வலியுள்ளவருக்கு வாகனம் உண்டா என்று முன்பே எழுதிக் கேட்டு ‘உண்டு’ என்று பதில் வாங்கியிருந்தோம். வாகனம் வரவில்லை. பாறையைக் குடைந்து உருவாக்கிய நிலத்தடித் தேவாலயத்தைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஊர்ச் சுற்றுலா அலுவலகத்தின் வழிகாட்டியோடுதான் அதற்குள் போக முடியும். இவர்கள் முன்பதிவே செய்யவில்லை, அன்றைய இடங்கள் நிரம்பிவிட்டன. மாமியார் பிரெஞ்சில், ‘உங்கள் தொழில் அட்டையைக் காட்டுங்கள்’ என்று கேட்டார். இங்கே அரசு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிகளிடம் அந்த அட்டை இருக்கும். அந்த இளைஞரிடம் இல்லை. அவர் பகுதிநேரமாக வந்த மாணவர், பாவம். அவரைத் திட்டிப் பயனில்லை என்று விட்டுவிட்டோம்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு ‘நிகழ்ச்சி நிரல் மாறுதலுக்கு உட்பட்டது’ என்று ஒரே வரி. இணையத்தில் வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யும் ஐரோப்பிய உரிமை, தேதி குறித்த பொழுதுபோக்குச் சேவைகளுக்குப் பொருந்தாது. அதைத் தெரிந்துதான் ஆடுகிறார்கள். அவர்கள் தளத்தில் நிறுவனத்தின் முகவரியோ பதிவு எண்ணோ இல்லை. பிரான்ஸில் தொழில் நடத்தும் தளம் இவற்றை வெளியிட்டே ஆக வேண்டும். பணம் கட்டும் முன் பக்கத்தின் அடியில் தேடுங்கள், காணவில்லை என்றால் அப்போதே மூடிவிடுங்கள்.

இந்த ஊருக்கு இவர்கள் யாரும் தேவையில்லை. கிராண்ட் தியேட்டர் அருகே சுற்றுலா அலுவலகம் இருக்கிறது, அட்டை வைத்திருக்கும் வழிகாட்டியோடு நடக்க அங்கேயே பதிவு செய்யலாம். எதிரில் ஒயின் வணிகச் சங்கம் நடத்தும் மதுக்கூடத்தில் புட்டியைக் காட்டி, நியாயமான விலையில் கோப்பைக் கணக்கில் தருகிறார்கள். சித்தே து வேன் நிரந்தரக் கண்காட்சிக்கு நேரடியாக டிக்கெட் எடுத்தால் எட்டாம் மாடியில் ஒரு கோப்பை ஒயினும் சேர்த்தி. சாந்த்-எமிலியோன் தேவாலயத்துக்கு மட்டும் நாள் குறித்ததும் முன்பதிவு செய்துவிடுங்கள்.

அட்டை மூலம் கட்டிய பாதியை, விளம்பரப் பக்கத்தின் படங்களையும் அவர்களுடைய பதில் கடிதங்களையும் காட்டி வங்கி வழியாக மீட்டுவிட்டோம். ரொக்கமாகக் கொடுத்தது போனது போனதுதான். அரசின் ‘சிஞ்ஞால் கோன்சோ’ தளத்தில் புகார் பதிவு செய்திருக்கிறேன். இதே ஆட்களிடம் சிக்கியவர்கள் நீங்களும் அங்கே பதியுங்கள், புகார்கள் சேர்ந்தால் நுகர்வோர் துறையின் கண்ணில் படும். அந்த விளம்பரப் பக்கத்தை நேற்றும் பார்த்தேன், கட்டணத்தை 175 ஆக்கியிருக்கிறார்கள்.