டிசம்பர் கிரௌஸுக்கு எந்த நாய்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ரஃப்டு கிரௌஸ் என்னும் காட்டுப் பறவையின் வேட்டைப் பருவம் இரண்டு துண்டாக வரும். செப்டம்பர் 15 முதல் நவம்பர் 14 வரை ஒன்று. பிறகு மான் வேட்டைக்காரர்கள் துப்பாக்கியோடு காட்டில் இறங்கும் இரண்டு வாரத்துக்குத் தடை. டிசம்பர் 1-இல் மறுபடி திறந்து ஜனவரி 1-இல் முடியும். அக்டோபரில் அசத்திய நாய் டிசம்பரில் தடுமாறுவதைப் பார்த்தவர்கள் முதலில் நாயைத்தான் திட்டுவார்கள். மாறியது காடும் பறவையும்.

கிரௌஸ் நம் கௌதாரிக்குச் சொந்தம். உருவில் பெரியது, அரை கிலோவைத் தாண்டும். இளம் ஆஸ்பென் மரங்கள் நெருக்கியடித்து நிற்கும் தோப்புதான் அதன் வீடு. அங்கே போட்டியிடும் நாய்கள் இரண்டு வகை. இங்கிலிஷ் செட்டர், பாயின்டர், பிரிட்டனி போன்றவை பறவையின் வாடை கிடைத்ததும் அசையாமல் நின்று காட்டுபவை. ஸ்பிரிங்கர் ஸ்பேனியல், காக்கர், லாப்ரடார் ஆகியவை நேராகப் பாய்ந்து பறவையைக் கிளப்பிவிடுபவை.

அக்டோபரில் செட்டருக்குப் பின்னால் நடப்பதற்கு ஈடான வேட்டை எனக்குத் தெரிந்து கிடையாது. கழுத்து மணி எழுபது எண்பது மீட்டர் தள்ளிக் கிணுகிணுத்துக்கொண்டே போகும். சட்டென்று ஓசை அறுந்துவிடும். புதரை விலக்கிக்கொண்டு போய்ப் பார்த்தால் முன்னங்கால் ஒன்றைத் தூக்கியபடி, வால் விறைக்க, மூக்குத் துவாரம் மட்டும் துடிக்க நிற்கும். நாம் நெருங்கும்வரை பறவையும் பதுங்கிக் கிடந்தால் நாய் வென்றது. ஈரக்காற்று, தரையில் செடிகொடி, வேட்டைக்காரரைப் பார்த்திராத இளம் பறவைகள் எல்லாம் அப்போது செட்டர் பக்கம். நாயின் மூக்குக்கடியிலேயே படுத்துக் கிடக்கும் உட்காக் பறவைகளும் நவம்பர் தொடக்கம்வரை இருக்கும். அதற்குப் பிறகு அவை தெற்கே போய்விடும்.

டிசம்பரில் இலை முழுக்க உதிர்ந்திருக்கும். உயிர் தப்பிய கிரௌஸ் நம்மைத் தொலைவிலேயே பார்த்துவிடும், நடந்து நழுவும், ஊசியிலை மரங்களின் நிழலுக்குள் ஒதுங்கும். சுட்ட பறவையின் இரைப்பையைத் திறந்து பார்த்தால் மாற்றம் கண்ணில் படும்: அக்டோபரில் குளோவர் இலையும் காட்டுப் பழமும் இருந்த இடத்தில் இப்போது ஆஸ்பென் மொட்டுகள் அடைந்து கிடக்கும். கால்விரல்களின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போன்ற செதில்கள் வளர்ந்திருக்கும்; குளிர்காலத்துக்காக முளைத்து வசந்தத்தில் உதிர்ந்துவிடுபவை அவை. இந்தப் பறவை ஐம்பது மீட்டருக்கு அப்பால் நிற்கும் செட்டருக்காக நாம் வந்து சேரும்வரை காத்திருக்காது. நாம் மூச்சிரைக்கப் போய்ச் சேரும்போது நாய் வெற்றுப் புதரைக் காட்டிக்கொண்டு நிற்கும். பனியின் மேல்பரப்பு உருகி மறுபடி உறைந்து பொருக்குத் தட்டியிருந்தால் இன்னும் மோசம். ஒவ்வோர் அடியும் அப்பளம் நொறுக்குவதுபோலக் கேட்கும்.

கிளப்பிவிடும் நாய் துப்பாக்கி எட்டும் தொலைவுக்குள், இருபது இருபத்தைந்து மீட்டரில், குறுக்கும் நெடுக்குமாக உழைக்கும். யார் எழுப்பினாலும் பறவை எழுவது நமக்குப் பக்கத்தில்தான். அடிபட்டு ஓடும் பறவையைத் தேடிப் பிடித்து வாயில் கவ்விக் கொண்டுவருவதில் லாப்ரடாரை மிஞ்சுவது கஷ்டம். பாதிப் பனிக்குள் புகுந்துகொண்ட பறவையை மனிதக் கண் தேடிக் கண்டுபிடிக்காது. இன்னொரு காரணமும் உண்டு. உரோமத்துக்காக விலங்குகளுக்குப் பொறி வைக்கும் காலமும் இதுவே. தொலைவில் சுற்றும் நாய் பொறியில் சிக்கினாலும் மணி நின்றுதான் போகும். பறவையைக் காட்டுகிறதா, சிக்கிக்கொண்டதா என்று தெரியாமல் ஓடுவது நெஞ்சை அடைக்கும்.

ஸ்பேனியலுக்கும் குறை இருக்கிறது. குட்டைக் கால், முழங்கால் ஆழப் பனியில் அரை மணி நேரத்தில் களைத்துவிடும். காதிலும் தொடையிலும் தொங்கும் முடியில் பனி உருண்டை உருண்டையாகத் திரளும். இந்தத் தொல்லை செட்டருக்கும் உண்டு. லாப்ரடாரின் குட்டையான இரட்டை முடிக்கு அது குறைவு.

கிளப்பிவிடும் நாயின் கட்சியை முற்றிலும் கவிழ்க்கும் ஒரு நாள் உண்டு. ஒரு சாணுக்கு மேல் மென்மையான பொடிப்பனி விழுந்தால் கிரௌஸ் பறந்து வந்து அதற்குள் தலைகுப்புறப் பாய்ந்து புதைந்துகொள்ளும். வெளியே உறைந்தாலும் உள்ளே கதகதப்பு. பனிக்கு மேலே ஒரு குழி மட்டும் தெரியும். அப்போது ஓடித் தப்பப் பறவைக்கு வழியில்லை. நிதானமான கிழட்டு செட்டர் அந்தக் குழியை நோக்கி நின்றால் அக்டோபரே திரும்பிவிடும். பனிப்புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறவை வெடித்தெழும்போது சுடவேண்டும் என்பதே நினைவுக்கு வராது.

பின்லாந்துக்காரர்களைக் கேட்டால் இரண்டும் வேண்டாம் என்பார்கள். அவர்களுடைய ஸ்பிட்ஸ் நாய் பறவையை மரத்தில் ஏற்றிவிட்டு அடியில் நின்று குரைக்கும். பறவை நாயையே பார்த்துக்கொண்டிருக்க, வேட்டைக்காரர் பதுங்கி வருவார். உட்கார்ந்த பறவையைச் சுடுவதை இழுக்காக நினைக்கும் அமெரிக்கர்கள் பலரிடம் இது எடுபடாது.

என் தேர்வு: டிசம்பர் மட்டும் என்றால் லாப்ரடார். பருவம் முழுவதற்கும் ஒரே நாய் என்றால், குறைகள் தெரிந்தும், செட்டர். ஆனால் துள்ளும் வயது செட்டர் என்றால் பொருக்குப் பனி நாளில் அதை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். இரவில் புதிதாகப் பனி கொட்டினால் மறுநாள் காலை முதல் ஆளாக வண்டியில் ஏற்றுங்கள்.