யாழில் பழைய பைக் எடுக்கப் போறவை ஒருக்கா வாசியுங்கோ: 4,15,000 ரூபா போன கதை

கோபத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழை கிடந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 4,15,000 ரூபா. ஒரு பழைய பல்சர் 150க்கு நான் எண்ணிக் கொடுத்த காசு. அந்தப் பைக் இப்போது கொக்குவிலில் ஒரு கராச்சில் என்ஜின் கழற்றின நிலையில் நிற்கிறது. விற்ற மனுசன் என் நம்பரைக் கண்டால் போனைத் தூக்குவதே இல்லை.

கடையின் பெயரை இங்கே போடவில்லை. முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பேசாமல் இரு என்று வீட்டில் சொல்கிறார்கள். பழைய மோட்டார் சைக்கிள் வாங்கி விற்கிற கடை, டவுனுக்குக் கிட்ட, வாசலில் பைக்குகள் மினுக்கி வரிசையாக நிற்கும். இணையத்தில் விளம்பரமும் போடுவார்கள். அப்படிக் கடைகள் கனக்க இருக்கின்றன, எல்லாரும் கள்ளர் என்று நான் சொல்லவில்லை.

எனக்கு வீடு வேலணையில், வேலை யாழ்ப்பாணம் டவுனில். பஸ்ஸை நம்பினால் காலையில் ஒரு கதை, இரவில் இன்னொரு கதை. புதுப் பைக் வாங்க வசதியில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினவர்கள் 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்துவிட்டார்கள், அந்த இடைவெளியில் பழைய பைக்குகளின் விலை ஏறின ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். ஏறினது பிறகு ஒழுங்காக இறங்கவும் இல்லை. 2014ஆம் ஆண்டுப் பைக் ஒன்றுக்கு, அதை அன்றைக்குப் புதிதாக எடுத்தவர் கொடுத்ததைவிடக் கூடக் கொடுக்கிற காலம் இது. அக்காவின் சங்கிலியையும் காப்பையும் வங்கியில் அடகு வைத்துப் பாதி, என் சேமிப்பில் மீதி. அப்படிச் சேர்ந்த 4,15,000.

கடைக்குப் போனபோது பைக் ஏற்கெனவே ஸ்டார்ட்டில் நின்றது. "உங்களுக்காகத்தான் தம்பி எடுத்து வைச்சனான்" என்றார் முதலாளி. கழுவி, டயருக்குப் பொலிஷ் அடித்து, கால் வைக்கிற றப்பர், கைபிடி றப்பர் எல்லாம் புதிது. மீற்றரில் 31,000 சொச்சம் கிலோமீற்றர். சத்தம் மெதுவாக, சீராக இருந்தது. ஒரு துளி புகை இல்லை.

பிறகு தேத்தண்ணி வந்தது. "தம்பி எந்த ஊர்?" வேலணை என்றேன். "வேலணையோ! அப்ப எங்கட ஆக்கள்தானே, என்ர மனுசியின்ர தாய்வழி அங்கதான்." யாருடைய மகன், எந்த வட்டாரம், அப்பா என்ன வேலை, எல்லாம் கேட்டார். அப்பா காலமாகிவிட்டார் என்றதும் முகத்தைக் கவலையாக வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அதற்குப் பிறகு வந்ததுதான் இது: "உங்களை மாதிரிப் பிள்ளைக்கு நான் பழுதான சாமான் தருவனே? இது கை வைக்காத என்ஜின். மூண்டு மாசத்துக்கு என்ஜினுக்கு நான் பொறுப்பு. ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் கொண்டு வாங்கோ, நல்லூரான் சத்தியமாச் செய்து தாறன்." காசை எண்ணி வாங்கி, அதிலிருந்து ஒரு 500 ரூபாத் தாளை எடுத்து என் கையில் திருப்பித் தந்து, கோயிலில் அர்ச்சனை செய்யச் சொன்னார். தானே உள்ளே போய்த் தேசிக்காய் கொண்டுவந்து சில்லுக்குக் கீழே வைத்தார். சந்தனமும் பொட்டும் வைத்தார். எந்த மனுசனுக்கு அந்த நேரத்தில் சந்தேகம் வரும், சொல்லுங்கள்? பெயர் மாற்றத்துக்கென்று 15,000 தனியாக வாங்கினார். பைக்கின் பதிவுப் புத்தகம் ஏஜென்டின் கையில் இருக்கிறது, நேரே உங்கள் பெயரில் வரும் என்றார்.

முதல் கொஞ்ச நாள் சந்தோசம்தான், பொய் சொல்லக்கூடாது. பழைய பைக் என்றால் ஆளுக்கு ஏற்றமாதிரி அதைப் பழக்க வேண்டும். கிளச் லீவர் இறுக்கம், கேபிள் மாற்றினேன். செயின் தளர்வு, இழுத்துவிட்டேன். பக்கக் கண்ணாடி ஒன்று ஆடியது, அதையும் பார்த்தேன். பின்னேரத்தில் பண்ணைப் பாலத்தால் வரும்போது இரண்டு பக்கமும் கடல், காற்று, சொந்தப் பைக், வேறு என்ன வேண்டும்.

பழைய வாகனம் எடுத்தால் முதல் வேலையாக ஒயில் மாற்று என்று எல்லாரும் சொல்வார்கள், நானும் பழசை வடித்துவிட்டுப் புது 20W-50 ஊற்றினேன். அடுத்த நாள் காலையில் ஸ்டார்ட் பண்ண, சைலன்சரால் நீலப் புகை முற்றம் முழுக்க. அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்து, "என்னடா, நுளம்புக்குப் புகை அடிக்க வந்திட்டாங்களோ?" என்று கேட்டா. அப்போது சிரித்தேன். சூடானதும் கொஞ்சம் குறைந்தது, திராட்டிலைத் திருகினால் திரும்பவும் வந்தது. ஒரு கிழமை ஓடிவிட்டு ஒயிலைப் பார்த்தால் பாதியும் இல்லை. கடைசியில் ஒரு மத்தியானம் பண்ணை ரோட்டில், ஒரு மர நிழல்கூட இல்லாத இடத்தில், கறகறவென்று ஒரு சத்தத்தோடு நின்றது. டவுன் பக்கமாக வெயிலில் தள்ளினேன். வழியில் ஒரு ஓட்டோ அண்ணை காலால் தள்ளிக் கொண்டுவந்து விட்டார், காசும் வாங்கவில்லை. அவர் நல்லாய் இருக்க வேண்டும்.

கராச்சில் பார்த்தவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உங்களுக்குத் தேவைப்படும். பிஸ்டன் றிங் முழுக்கத் தேய்ந்து, போர், அதாவது சிலிண்டரின் உள்சுவர், கோடு விழுந்து, வால்வு சீலும் போய்விட்டது. றிங் தேய்ந்தால் கீழே இருக்கிற ஒயில் மேலே ஏறிப் பெற்றோலோடு சேர்ந்து எரியும், அதுதான் நீலப் புகை. விற்கிறவர்கள் அதை மறைப்பதற்குத் தடித்த ஒயிலை ஊற்றி, புகையைக் குறைக்கிற மருந்து ஒன்றையும் கலந்துவிடுவார்களாம். கொஞ்ச நாளைக்குச் சத்தமும் அடங்கும், புகையும் அடங்கும். நான் அந்த ஒயிலை மாற்றினதும் உள்ளது வெளியே வந்துவிட்டது. பைக்கை முதலே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்திருந்ததும் இதற்குத்தான், வால்வு சீல் போன என்ஜின் குளிரில் ஸ்டார்ட் ஆகும்போதுதான் கூடுதலாகக் காட்டிக்கொடுக்கும்.

அதற்குப் பிறகு சீற்றைக் கழற்றினார். பற்றரிப் பெட்டியின் பக்கவாட்டில் அழுக்குப் பிடித்த ஸ்டிக்கர் ஒன்று, ஏதோ ஒரு சேர்விஸ் நிலையத்தில் ஒட்டினது. துணியில் பெற்றோல் நனைத்துத் துடைக்க, பேனையால் எழுதின எழுத்துத் தெரிந்தது: அடுத்த ஒயில் மாற்றம் 68,500. மீற்றரில் எனக்குக் காட்டினது 31,000. மினுக்கிக் கிடந்த பின் டயரின் ஓரத்தில் நாலு இலக்கம், 2215. 2015ஆம் ஆண்டு 22ஆம் கிழமையில் செய்த டயர் என்று அர்த்தம். பொலிஷுக்குக் கீழே முழுக்க வெடிப்பு. அக்காவின் சங்கிலி இதற்குத்தான் போனது.

கடைக்குப் போன் எடுத்தேன். முதல் தரம் தேன் ஒழுகிற குரல்தான். "பழைய பைக் எண்டா கொஞ்சம் புகைக்கும் தம்பி, ஓட ஓடச் சரிவரும்." நின்றே போய்விட்டது என்றேன். "சரி சரி, இந்தக் கிழமை மெக்கானிக் பெடியன் லீவு, அடுத்த கிழமை கொண்டு வாங்கோ." அடுத்த கிழமை போனால் முதலாளி கொழும்பில். அதற்கடுத்த கிழமை செத்தவீடு. வாட்ஸ்அப்பில் ஸ்டிக்கரின் படத்தை அனுப்பினேன், நீல ரிக் விழுந்தது, பதில் இல்லை. பிறகு நேரே போய் வாசலில் நின்றேன். தேத்தண்ணி தந்த அதே மனுசன், நான் யார் என்றே தெரியாத மாதிரிப் பார்த்தார். "நீங்கள் என்னமாதிரி ஓடினனீங்களோ ஆருக்குத் தெரியும்? பில்லைப் பாருங்கோ, உள்ளபடி விற்றது எண்டு போட்டிருக்கு." உண்மைதான், கீழே பொடி எழுத்தில் இங்கிலிசில் கிடக்கிறது. மூன்று மாதப் பொறுப்பு என்ன ஆனது என்று கேட்டேன். "அது வாயாலை சொன்னது தம்பி." வாயால் சொன்னதாம்! நல்லூரான் சத்தியமும் வாயால்தானே சொன்னது.

புத்தகம்? அது இன்னும் வரவில்லை. கேட்டால் ஏஜென்ட், ஏஜென்டைக் கேட்டால் முதல் சொந்தக்காரரின் கையெழுத்து, அவர் குருநாகல் ஆளாம், போன் எடுக்கிறார் இல்லையாம். பைக் இன்றைக்கும் கண்ணால் காணாத ஒருத்தரின் பெயரில் இருக்கிறது. வருட லைசன்ஸ் முடியப் போகிறது, புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும், இந்த என்ஜினோடு எங்கே பாஸ் பண்ணுவது? போர் அடித்து, பிஸ்டன் செற், வால்வு வேலை எல்லாம் சேர்த்து 70,000 கிட்ட வரும் என்று கராச்சில் கணக்குச் சொல்கிறார்கள். 4,15,000உம் 15,000உம் அதற்கு மேலே 70,000உம். அடகு வட்டி தனி.

இதில் எனக்குப் பிந்தித் தெரியவந்த ஒன்றுதான் மிக முக்கியம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு கொடுப்பதானால் பொருளை வாங்கி 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. இப்போது அந்த "அடுத்த கிழமை வாங்கோ"வை நினைத்துப் பாருங்கள். "மூண்டு மாசம் நான் பொறுப்பு" என்றதையும் நினைத்துப் பாருங்கள். மனுசன் தவணை சொல்லவில்லை, நாள் கடத்தினார். தம்பி தம்பி என்று இழுத்துக்கொண்டே போய் அந்த 3 மாதத்தைத் தாண்டவிட்டால் அவருக்குச் சோலி முடிந்தது. நல்லகாலம், கூட வேலை செய்கிற அக்கா ஒருவர் அந்த அதிகார சபையின் 1977 என்ற நம்பருக்குப் போன் எடுத்துக் கேள் என்று சொன்னா. பில்லின் பிரதி, ஸ்டிக்கரின் படம், வாட்ஸ்அப் செய்திகள் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவிட்டேன். தவணைக்குள்தான் கொடுத்தேன், மயிரிழையில்.

என்ன பார்க்க வேண்டும் என்று விபரமாக எழுதத்தான் தொடங்கினேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். போகிற நேரத்தைக் கடைக்காரருக்குச் சொல்லாமல் காலையிலேயே போங்கள், என்ஜினில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் போங்கள். சீற்றைக் கழற்றச் சொல்லுங்கள். டயரில் அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள். உங்கள் சொந்த மெக்கானிக் இல்லாமல் போகவே போகாதீர்கள், அவருக்கு 2,000, 3,000 கொடுத்தாலும் பரவாயில்லை. மூலப் புத்தகத்தைக் கண்ணால் கண்டு, செசி நம்பரும் என்ஜின் நம்பரும் ஒத்துப் பார்த்து, பெயர் மாற்றப் படிவத்தில் சொந்தக்காரரின் கையெழுத்தும் அடையாள அட்டைப் பிரதியும் கையில் வரும்வரை முழுக்காசையும் கொடுக்க வேண்டாம். பொறுப்பு என்று சொன்னால் அதைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள், எழுதமாட்டேன் என்றால் எழும்பி வாருங்கள், தேத்தண்ணி குடித்திருந்தாலும் சரி. பழுது வந்தால் போனில் கதைக்காதீர்கள், செய்தியாக அனுப்புங்கள், திகதி விழும்.

கடையின் பெயரைக் கேட்டு இன்பொக்ஸுக்கு வர வேண்டாம், இப்போது சொல்லமாட்டேன். ஆனால் இதே மாதிரி, டவுனுக்குக் கிட்ட, ஊர் கேட்டுத் தேசிக்காய் வைத்துத் தந்த கடையில் ஏமாந்தவர்கள் யாரும் இருந்தால் பில்லை எறிந்துவிடாமல் எனக்கு எழுதுங்கள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து போனால் அந்த மனுசன் கொழும்புக்குப் போய்விட்டேன் என்று சொல்லித் தப்ப ஏலாது.