எச்.பி.வி. ஆன்டிபாடி டெஸ்ட் முறைகள்: பல வருடம் ஓட்டிப் பார்த்ததில்

எங்கள் லேபில் எச்.பி.வி. (கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்) ஆன்டிபாடி பார்க்க எலைசா, லூமினெக்ஸ், சூடோவைரஸ் நியூட்ரலைசேஷன் என்று மூன்று டெஸ்டும் பல வருடமாக ஓடுகின்றன. எது நல்லது என்று கேட்டால், அன்றாட வேலைக்கு எலைசா, முடிவில் சந்தேகம் வந்தால் நியூட்ரலைசேஷன், அவ்வளவுதான் என் பதில்.

எலைசாவில் வைரஸின் வெளி உறையில் இருக்கும் எல்1 புரதத்தால் ஆன வி.எல்.பி. (வைரஸ் போலத் தோன்றும் வெற்றுத் துகள்) துகளை ராத்திரி பிளேட்டில் ஒட்டவைத்து (கோட் செய்து), காலையில் வேறெதுவும் ஒட்டாதபடி பிளாக் செய்து சீரம் போட்டால் சாயங்காலத்துக்குள் 450 நானோமீட்டரில் ரீடிங் வந்துவிடும். செலவும் குறைவு. ஆனால் துகள் உருக்குலைந்தால் எல்லாம் போச்சு. மற்ற எலைசா செய்த பழக்கத்தில் சிலர் பி.எச். 9.6 கார்பனேட் பஃபரை எடுத்துவிடுகிறார்கள், அதில் வி.எல்.பி. சிதைந்துவிடும், பி.பி.எஸ். போதும். எச்.பி.வி. 16ஆம் வகைக்குப் புது வி.எல்.பி. பேட்ச் வந்தால் முதலில் எச்16.வி5 என்ற மோனோக்ளோனலை (ஒரே ஒரு இடத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடி) போட்டுப் பார்ப்பேன், வடிவம் கெடாத துகளைத்தான் அது பிடிக்கும் என்பதால் அதில் சிக்னல் குறைந்தால் அந்த பேட்ச் வேண்டாம்.

லூமினெக்ஸில் வி.எல்.பி.யை நிறக் குறியிட்ட குட்டி மணிகளில் ஒட்டுவதால் ஒரே குழியில் பல எச்.பி.வி. வகைகளைப் பார்க்கலாம், சீரமும் கொஞ்சம் போதும். குழந்தைகளின் சாம்பிளுக்கு இது பெரிய வரம். எங்களிடம் இருப்பது நேரடியாக ஐ.ஜி.ஜி. (ரத்தத்தில் அதிகம் இருக்கும் ஆன்டிபாடி இனம்) பார்க்கும் முறை. மெர்க் மருந்துக் கம்பெனி தன் எச்.பி.வி. தடுப்பூசி ஆய்வுகளில் பயன்படுத்திய காம்படிடிவ் முறை வேறு, அதில் ஒவ்வொரு வகைக்கும் ஒரே ஒரு மோனோக்ளோனலோடு போட்டி போடும் ஆன்டிபாடி மட்டும்தான் கணக்கில் வரும். தடுப்பூசி போட்டு நாலு வருடத்துக்குள் மூன்றில் ஒருவருக்கு மேல் 18ஆம் வகைக்கு நெகட்டிவ் ஆனதும், அப்படியும் நோய்த்தடுப்பு குறையாததும் அந்த முறையில் பார்த்த கதைதான். அந்த எண்ணை மட்டும் பார்த்து பூஸ்டர் வேண்டும் என்று பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

வைரஸ் செல்லுக்குள் நுழைவதை ஆன்டிபாடி உண்மையிலேயே தடுக்கிறதா என்று பார்க்கும் நியூட்ரலைசேஷன்தான் கடைசி நீதிமன்றம். அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஷில்லர், லோவி குழு உருவாக்கியது. 293டி.டி. என்ற மனித செல் வரிசையில் சூடோவைரஸ் (எச்.பி.வி. உறைக்குள் ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற என்சைமின் ஜீனை வைத்த போலி வைரஸ்) தயாரித்து, நீர்த்த சீரத்தோடு கலந்து, மறுபடி அதே வகை செல்லில் விட்டு மூன்று நாள் கழித்து, வெளியே வந்த ஆல்கலைன் பாஸ்பட்டேஸை அளக்க வேண்டும், ஆன்டிபாடி தடுத்திருந்தால் அது குறைவாக இருக்கும். நம்பகமான விடை, ஆனால் செல் கொஞ்சம் மூப்படைந்தாலும் அந்த வாரம் வீண். ஓரக் குழிகள் காய்ந்துவிடுவதால் அதில் தண்ணீர்தான் ஊற்றுகிறோம், சாம்பிள் வைப்பதில்லை.

அப்புறம் ஒரு விஷயம், ரிப்போர்ட்டில் வெறும் டைட்டர் (சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் விடை வருகிறது என்ற எண்) எழுதி அனுப்பாதீர்கள். 16, 18 வகைகளுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஸ்டாண்டர்டு சீரம் இருக்கிறது, ஒவ்வொரு ரன்னிலும் அதற்கு ஒப்பிட்டுத் திருத்திய உங்கள் சொந்த கன்ட்ரோலை வைத்து ஐ.யூ. (சர்வதேச அலகு) கணக்கில் கொடுத்தால்தான் அடுத்த லேபின் எண்ணோடு ஒப்பிட முடியும். தடுப்பூசி போட்டவர்கள் எவ்வளவு ஐ.யூ. இருந்தால் போதும் என்று கேட்பார்கள். அப்படி ஒரு எல்லையை இதுவரை யாரும் நிர்ணயிக்கவில்லை. தொற்று இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்களை டி.என்.ஏ. டெஸ்டுக்கு அனுப்புங்கள், இயற்கையாகத் தொற்று வந்த பலருக்கு ஆன்டிபாடியே உருவாவதில்லை.